கொள்ளைக்காரனோடு போனவள்

குவைத்தில், ஃபஹாஹீல் தொழிலாளர் கேம்ப் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். வெள்ளிக்கிழமை பகலில் ஆங்கிலப் படம் ஓடினால், வசனத்தைத் தமிழில் சொல்வது என் வேலை. அன்று ஒரு பழைய கடல்கொள்ளைக்காரன் காதல் படம். கணவனும் பிள்ளைகளும் உள்ள ஒரு சீமாட்டி அவன்மேல் மயங்குகிறாள். முடிவுக்குச் சற்று முன் டிவிடி சிக்கி நின்றுவிட்டது.

"அப்புறம் என்னாச்சுடே?" என்றார்கள்.

அந்தப் படத்தின் மூல நாவலைக் கல்லூரியில் படித்தவன் நான். அவள் பிள்ளைகளிடம் திரும்பிவிடுவாள் என்று தெரியும். சப்பென்று இருக்குமே என்று, "அவனோடயே கப்பல் ஏறிட்டா!" என்றேன். அறையே விசிலடித்தது. குளச்சல்காரரான சூசை அண்ணன் மட்டும் எழுந்து வெளியே போனார். அவர் மனைவியைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

மறுநாளிலிருந்து போனில் மனைவியிடம் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "ஏன் போன எடுக்கல? எங்க போயிருந்த?" அந்த அக்கா அழுவது என் கட்டில்வரை கேட்டது.

ஒரு வாரம்கூடத் தாங்க முடியவில்லை. "அண்ணே, நான் சொன்னது பொய். கதையில அவ பிள்ளைங்ககிட்ட திரும்பி வந்துடுவா" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "எனக்க ஆறுதலுக்காவ கதைய மாத்தாத மக்கா. நீ அன்னைக்குச் சொன்னதுதான் நிஜம்."

ஒரு விசிலுக்காக, நான் முகம்கூடப் பார்த்திராத அந்த அக்காவைக் கப்பல் ஏற்றிவிட்டேன்.