கிணற்றடி அத்தை செய்த ஜெபம்

என் அப்பா உபதேசியார். சேலத்து மிஷன் துரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரில் வந்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம், நாமக்கல்லுக்கு மேற்கே இருந்த எங்கள் சின்னச் சபைக்கு அப்பாதான் எல்லாம். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார், தேள் கடிக்கு மருந்து போடுவார், புருஷன் பெண்சாதி சண்டையை விலக்கி வைப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஜெபம் செய்வார். கண்ணை மூடிக்கொண்டு, "மகா பரிசுத்தமுள்ள எங்கள் பரமபிதாவே, தேவரீருடைய சமுகத்தில்..." என்று அவர் ஆரம்பித்தால், கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும். சபையார் எல்லாரும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். அந்தத் தமிழில் பாதி அவர்களுக்குப் புரியாது. புரியாததனால்தான் அது நேரே பரலோகம் போய்ச் சேருகிறது என்று நம்பினார்கள். நானும் நம்பினேன்.

எனக்கு எட்டு வயதான கோடையில் ஊரில் காலரா வந்தது. அப்பா வீடு வீடாகப் போய்க் கஞ்சித் தண்ணீர் புகட்டினார்; நோயாளிகளைக் கழுவினார்; தூக்க ஆளில்லாதபோது தானே தூக்கிப் போய்க் குழி வெட்டி, ஜெபம் சொல்லி மண் தள்ளினார். கிணற்றை ஒட்டிய குடிசையில் இருந்த பெண்ணுக்குப் புருஷனும் ஒரே மகனும் ஒரே வாரத்தில் போனார்கள். சபைப் பெரியவர்களை நாங்கள் மாமா, அத்தை என்றே கூப்பிடுவோம். அவள் எங்களுக்குக் கிணற்றடி அத்தை. அவள் மகன் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவன்.

மழை விழுந்து நோய் அடங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்தவர்கள் கோயிலில் கூடினோம். அப்பா ஜெபிக்க எழுந்தார். "மகா பரிசுத்தமுள்ள..." என்றார். அவ்வளவுதான். உதடு மட்டும் இரண்டுமுறை அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து, ஏதோ தெரியாத இடத்துக்கு வந்துவிட்டவர்போல எங்களைப் பார்த்தார். பக்கவாசல் வழியாக இறங்கிப் போய்விட்டார்.

"தொண்டை கட்டியிருக்கிறது" என்று அம்மா சபையாரிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் என்னையும் அப்படியே சொல்லச் சொன்னாள். உபதேசியார் வீட்டில் பொய் சொல்வது அதுதான் முதல் தடவை. அதன் பலன் உடனே தெரிந்தது. சுக்கு வந்தது, சித்தரத்தை வந்தது, பனங்கற்கண்டு வந்தது. எங்கள் பக்கம் வராத பண்ணையக்கார அம்மாகூடக் கொல்லிமலைத் தேனை ஆள் மூலம் அனுப்பினார். அப்பா எல்லாக் கஷாயத்தையும் மறுக்காமல் குடித்தார். பாடம் சொல்லிக்கொடுத்தார், பேசினார். ஜெபம் மட்டும் செய்யவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாதான் ஜெபம் சொல்வாள். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் வேதபாடத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாள் அவருடைய வேதப்புத்தகத்துக்குள் ஒரு கடிதத்தைக் கண்டேன். துரைக்கு எழுதியது, இன்னும் அனுப்பவில்லை. எனக்கு அப்போது எதைக் கண்டாலும் வாசித்துப் பார்க்கிற பெருமை. அதில் பாதி வாசிக்கும்போதே கிணற்றடி அத்தை கஷாயப் பானையோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயாவுக்குத் தொண்ட எப்படி இருக்குது சாமி?"

எனக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது. "தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்கு ஜெபம் வரவில்லை" என்றேன். அவள் நம்பவில்லையோ என்று கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். பிறருக்காக மன்றாடும் வாய் எனக்கு அடைத்துப்போயிற்று, இந்த ஊழியத்துக்கு நான் தகுதியில்லை, என்னை விலக்கிவிட வேண்டும் என்று அப்பா எழுதியிருந்தார்.

அவள் பானையை இறக்கி வைத்தாள். "அந்தத் தாள எடுத்த எடத்துல வெச்சிரு சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பெரிய துரோகம் செய்துவிட்டதாகத் தோன்றி, கடிதத்தை அவசரமாக வேதப்புத்தகத்துக்குள் செருகி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வாசித்து முடித்து உட்காரப் போனார். பெண்கள் பக்கத்திலிருந்து கிணற்றடி அத்தை எழுந்தாள். எங்கள் கோயிலில் பெண்கள் பாடுவதுண்டு, எழுந்து பேசினதில்லை. அவள் நேராக அப்பாவிடம் நடந்து போனாள்.

"நீங்க உக்காருங்கய்யா. இன்னைக்கு நாங்க பாத்துக்கறோம்."

அப்பா தரையில் உட்கார்ந்தார். களை வெட்டிக் காய்த்த கையை அவள் அவர் தலைமேல் வைத்தாள். கண்ணை மூடவில்லை. கூரையைப் பார்த்து, பண்ணையக்காரரிடம் முறையிடுவதுபோலப் பேசினாள்.

"ஏனுங்க சாமி, இவரு எங்கூட்டுக்கு வந்தாருங்க. யாரும் வரலீங்க, இவரு வந்தாருங்க. எம்பையன் எடுத்த வாந்தியக் கையில ஏந்துனாருங்க. அவம் போவும்போது இவரு மடியிலதானுங்க போனான். நீங்களும் பாத்துட்டுத்தானுங்க இருந்தீங்க. இப்ப இவருக்கு முடியலீங்க. பாத்துக்குங்க."

பரமபிதாவை 'ங்க' போட்டுப் பேசலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் பேச்சை நிறுத்தியபோது, அவள் பேசிக்கொண்டிருந்த ஆள் அந்தக் கூரைக்கடியிலேயே நிற்பதுபோலத் தோன்றி, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்தார்கள். தோளிலும் முதுகிலும் கையை வைத்து, அப்பா தங்கள் வீட்டில் செய்ததைச் சொன்னார்கள். எந்த வீட்டில் தண்ணீர் சுமந்தார், எந்தக் குழந்தையைத் துணியில் சுற்றினார். கை வைக்க இடமில்லாமல் ஒருவர் தோளை ஒருவர் தொட்டுக்கொண்டு நின்றார்கள். நடுவில் அப்பாவை என்னால் பார்க்கவே முடியவில்லை. கடைசியில் அங்கிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "ஆமென்." அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அதோடு அவர்கள் விடவில்லை. ஒரு மாதம் நாங்கள் ஆத்தூரில் என் தாய்மாமா வீட்டில் போய் இருக்க வேண்டும், மாட்டையும் கோயிலையும் தாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அப்பா தயங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை என்ன ஆவது என்று கேட்டார்.

"நீங்க இல்லாட்டி சாமி வராதுங்களா?" என்றாள் கிணற்றடி அத்தை. அப்பா சிரித்துவிட்டார். கோடைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கடிதத்தை அவர் அடுப்பில் போட்டதாக அம்மா பிறகு சொன்னாள்.

வண்டி புறப்படும்போது கிணற்றடி அத்தை வறுத்த கடலைக்காயை என் மடியில் கொட்டினாள். அவளிடம் ஒரு ரகசியம் இருக்கிறதென்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அப்பாவுக்கே வராதது அவளுக்கு வந்ததே!

"அத்தை, உங்களுக்கு மட்டும் ஜெபம் எப்படி வந்தது?" என்று காதோடு கேட்டேன்.

"எனக்கெங்க சாமி வந்துச்சு? பையன் போனதுல இருந்து எனக்கும் ஒண்ணும் வரலே. நடந்தத நடந்தபடி சொன்னேன், அவ்வளவுதான்."

அவள் மறைக்கிறாள் என்று நினைத்தேன். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. அப்பா மட்டும் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, வெறும் குடிசைக்குத் திரும்பி நடக்கிற அவளைக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. வெயிலில் தாகமாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவரிடம் நீட்டினேன்.