சத்தம் குறைக்க வந்த மூன்று பேர்

பொதட்டூர்பேட்டையில் எங்கள் தெருவில் எதையும் கத்தித்தான் பேச வேண்டும். வீட்டுக்கு வீடு விசைத்தறி. இப்படியே போனால் எங்கள் காது போய்விடும் என்று கவலைப்பட்டு ஒரு கல்லூரியிலிருந்து மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் இன்ஜினியர், ஒருவர் காது டாக்டர், இன்னொருவர் நிர்வாகம் படித்தவர். பல துறை அறிவையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் புதுமை பிறக்கும் என்று நிர்வாகம் படித்தவர் என் அப்பாவுக்கு விளக்கினார். "ஆங்" என்றார் நைனா.

டாக்டர் நைனாவின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நாலு விரல் தள்ளி இருந்த கண்ணைப் பார்க்கவில்லை. அது வேறு துறை. கண்ணில் புரை முற்றி, தறி ஓடுகிறதா நின்றதா என்பதை நைனா காதால்தான் தெரிந்துகொண்டிருந்தார். நாங்களாக அதை வெளியே சொல்வதில்லை. தெரிந்தால் நூல் கொடுக்கும் முதலாளி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் தெருவில் கண் மங்கிய நெசவாளி ஒருவர்கூட இல்லை, வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

ரப்பர் கட்டைகளும் என்னென்னவோ மூடிகளும் பொருத்தினார்கள். தறி முனகத் தொடங்கியது. கை தட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தறி வழக்கம்போல் தடதடத்தது.

மறுநாள் காலை நைனாவுக்கு அந்தத் தடதடப்பு மட்டும்தான் கேட்டது. நூல் அறுந்து நம் தறி நின்றுவிட்டது என்று நினைத்து உள்ளே கையை விட்டார். நூலை அடித்து இறுக்கும் கட்டை அவர் விரல்களை நசுக்கிவிட்டது. அவர் அலறியது சமையலறையில் இருந்த எனக்கு உடனே கேட்டது. அந்த மட்டில் அவர்கள் கண்டுபிடிப்பு நன்றாகவே வேலை செய்தது.

திருத்தணி ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் ஆப்பிளோடு வந்தார்கள். "டீம்ல கண் டாக்டர் இல்லாம போயிட்டாருங்க. அடுத்த கட்டத்துல சேத்துக்கறோம்" என்றார் நிர்வாகம்.

"கை டாக்டரையும் சேத்துக்குங்க" என்றேன். அவர் அதையும் போனில் குறித்துக்கொண்டார்.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் முதலாளிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நூலைத் திருப்பி எடுத்துக்கொண்டார். நைனா கட்டுப்போட்ட கையோடு வெறும் தறி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "நம்ம தறி ஓடிகினு இருக்குதாம்மா?" என்று கேட்பார். இல்லை நைனா, பக்கத்து வீடு என்பேன்.

போன வாரம் நிர்வாகம் போன் செய்தார்.

"இப்ப வீட்ல சத்தம் எப்டி இருக்குதுங்க?"

"சுத்தமா இல்லீங்க."

"ரொம்ப சந்தோஷம்ங்க" என்றார்.