இழுவைப் படகும் டேங்கர் தண்ணீரும்

என் அண்ணன் மங்களூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும், அங்கே கழித்துக்கட்டிய பழைய இழுவைப் படகு ஒன்றை ஏலத்தில் எடுத்தார். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துவந்த மரப் படகு. முப்பத்தாறு அடி நீளம், இருபத்திரண்டு விலாச் சட்டங்கள், பக்கத்துக்குப் பதினான்கு பலகைகள். போகும்போதெல்லாம் எண்ணுவேன். அதைச் செப்பனிட்டு மறுபடி கடலில் விட அண்ணனுக்கு ஆசை. அதற்குள் போய்விட்டார்.

ஆற்றோரப் பட்டறையில் கரையேற்றி வைத்திருந்த படகை அண்ணிதான் பார்த்துக்கொண்டார். மரப் படகு காயக்கூடாது. காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விடும். காலையும் மாலையும் அதன்மேல் சாக்கு போட்டு உப்புத் தண்ணீர் ஊற்றுவார். "உங்க அண்ணன்கூட என்கிட்ட இவ்வளவு தண்ணி கேட்டதில்ல தம்பி" என்பார்.

மழைக்கு முன் இடம் வேண்டும், இல்லாவிட்டால் உடைத்து விறகுக்குப் போடலாம் என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். "சரிபண்ணி ஓட்டற ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க. உடைக்க மட்டும் விடாதீங்க" என்றார் அண்ணி.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு படகுக்கு ஆள் தேடுவதைப்போல அசட்டு வேலை வேறில்லை. பதினேழு பேரிடம் கேட்டேன். பதினொருவர் சிரித்தார்கள், அதில் இருவர், அல்சூர் ஏரியில் விடச் சொன்னார்கள். நான்கு பேருக்குச் சுவரில் மாட்டச் சுக்கான் சக்கரம் மட்டும் போதும். ஒருவர் கதவு செய்யத் தேக்கு கேட்டார்.

மிச்சம் ஒருவர். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை, ஊர் நாமக்கல். படத்தைப் பார்த்ததுமே படகைக் காதலித்துவிட்டார்.

"எங்கப்பா லாரி பாடி கட்டறவருங்க. மரம் நமக்குப் புதுசில்லீங்க ஐயா. சனி ஞாயிறுல நானே இழைச்சு, மறுபடி மங்களூர்லயே தண்ணில விட்டுடறேன்."

"தினம் ரெண்டு வேளை நனைக்கணும். மறந்துடக்கூடாது."

"சரிங்க ஐயா."

டிரெய்லரில் ஏற்றி மலைப்பாதை வழியாகக் கொண்டுவந்து, வைட்ஃபீல்டுக்குப் பின்னால் ஒரு காலி மனையில் நிறுத்தினார். நான் போய்ப் பார்ப்பதற்குள் கோடை நடுவுக்கு வந்துவிட்டது. முழங்கால்மேல் பழி போடலாம்.

மெட்ரோவில் போய் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். படகின் மேல் புதுத் தகரக் கூரை. சாக்குகள் ஓரமாக, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. பழைய பெயின்ட் எல்லாம் சுரண்டியிருந்தார். ஒரு ஆணியைக்கூட நோகவிடவில்லை.

"நல்லாக் காய வெச்சிருக்கேனுங்க," என்றார் பெருமையாக. "ஈர மரத்துல வேலை செஞ்சா அப்புறம் வளைஞ்சுக்கும். அப்பா அடிக்கடி சொல்லுவாருங்க."

"நனைக்கச் சொன்னேனே?"

"அது வேலை தொடங்கற வரைக்கும்னு நினைச்சுட்டேனுங்க."

லாரிக்கு அது சரிதான். ஏணி போட்டுப் படகுக்குள் இறங்கினேன். இருட்டாக இருக்கவேண்டிய இடத்தில் நீளநீளமாக வெளிச்சக் கோடுகள். ஒன்பதுவரை எண்ணினேன். வாழ்க்கையில் முதல்முறையாக எண்ணுவதை நடுவில் விட்டேன்.

அவரையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். வெளிச்சம் வந்த இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மேலே ஏறிப்போய்க் குழாயைத் திறந்தார். காற்று வந்தது, போர்வெல் வற்றி வாரக்கணக்காகிறதாம். டேங்கர்காரர்களுக்குப் போன் போட்டார். அடுக்குமாடிகளுக்கே தண்ணீர் இல்லை என்று மூன்று பேர் வைத்துவிட்டார்கள். நான்காவது ஆள், எத்தனை வீட்டுக்கு என்று கேட்டார். படகுக்கு என்றதும் அவரும் வைத்துவிட்டார். ஐந்தாவது ஆள் எதுவும் கேட்காமல் சாயங்காலம் வந்தார்.

சாக்குகளை விரித்து ஊற்றினோம். ஒரு பக்கம் ஊற்றிய தண்ணீர் உள்ளே புகுந்து மறுபக்கம் வழிந்து மண்ணில் போயிற்று.

"மூடிக்குமுங்களா ஐயா?"

"தெரியலையே. ஊத்திக்கிட்டே இருக்கணும்."

"நாளைக்கு டேங்கர் வருமான்னு தெரியலீங்களே."

அண்ணி போன் செய்தார். "சாக்கு போட்டிருக்காரா தம்பி?"

"போட்டிருக்கார் அண்ணி."

"பொறுப்பான பிள்ளைதான். வெறும் தண்ணி வேண்டாம், உப்பு கலக்கச் சொல்லுங்க. இல்லாட்டி மரம் உளுத்துடும்."

தெருமுனைக் கடைக்குப் போனேன். கல்லுப்பு ஆறு பாக்கெட்தான் இருந்தது. ஆறையும் எடுத்து வைத்தேன்.

"ஏன் அஜ்ஜா, ஊறுகாயா?" என்று கன்னடத்தில் என்னைத் தாத்தாவாக்கிக் கேட்டார் கடைக்காரர்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு, நாளைக்கு இன்னும் கிடைக்குமா என்று கேட்டேன்.