ஜலால் கடைப் பாறை மீன்

மேற்குத் தாம்பரத்தில் மீன் விற்கும் ஜலாலுக்கு ஒரே பெருமைதான்: அவர் கடை மீனில் குறை சொல்ல இன்னும் ஆள் பிறக்கவில்லை. பாறை மீனின் வாய்க்குள், நாக்கு இருக்கவேண்டிய இடத்தில், சில சமயம் ஒரு வெள்ளைப் பூச்சி சட்டமாகக் குடியிருக்கும். மீனின் ரத்தத்தைக் குடித்துப் பிழைக்கிற ஜந்து; சாப்பிடுகிறவர்களை ஒன்றும் செய்யாது. இதை வாடிக்கையாக மீன் வாங்கும் ஜோசலின் டீச்சரிடம் சொல்ல முடியுமா? வேறொரு கடையில் அப்படி ஒன்றைப் பார்த்ததிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர் அவர். அதனால் காசிமேட்டிலிருந்து கூடை வந்து இறங்கியதும், முதல் ஆள் வருவதற்குள், ஜலால் ஒவ்வொரு மீனின் வாயையும் திறந்து, இடுக்கியால் பூச்சியைப் பிடுங்கி வாளியில் போட்டுவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக இது அவருக்கும் கடைப் பூனைக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

பொத்தேரியில் தங்கி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் ஜெரூஷா ஒருநாள் வந்து, கடல் மீனுக்கு வரும் ஒட்டுண்ணி நோயை ஆராய்கிறேன், வாரம் பத்துப் பாறை வேண்டும் என்றாள். நோய் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஜலால் உஷாராகிவிட்டார். அவளுக்கென்று எடுத்துவைத்த மீன்களுக்குத் தனிக் கவனிப்பு நடந்தது. வாய், செவுள் எல்லாம் இரண்டு தடவை பார்த்து, இரண்டு தடவை கழுவிக் கொடுத்தார். நாலு மாதம் ஆகியும் ஒரு பூச்சிகூட அகப்படவில்லை என்று அவள் சொன்னபோது, காலேஜிலேயே சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள் என்று வாடிக்கைக்காரர்களிடம் பீற்றிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மீன் வாங்க வரவில்லை. சொல்லிக்கொண்டு போக வந்தாள். கண் வீங்கியிருந்தது. இல்லாத பூச்சியைப் பற்றி என்னத்தை எழுதுவாய், வேறு தலைப்புப் பார் என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். வீட்டிலோ, படித்தது போதும், மாப்பிள்ளை பார்க்கிறோம் என்கிறார்களாம்.

"உங்க மேல தப்பு இல்ல பாய். உங்க மீன் அவ்ளோ நல்ல மீன்" என்றாள்.

ஜலால் வரிசையைப் பார்த்தார். பக்கத்தில் ஜோசலின் டீச்சர் பையோடு நிற்கிறார், அவருக்குப் பின்னால் ஐந்து பேர். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பே அவருக்கு அவமானமாக இருந்தது.

"பூச்சி இருந்துச்சுமா. நான்தான் டெய்லி பிடுங்கிப் போட்டுகினு இருந்தேன்" என்று சொல்லி, அன்றைக்கு எடுத்த பூச்சிகளை வாளியோடு தூக்கிக் காட்டினார்.

டீச்சர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஜெரூஷா வாளிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, அழுகையும் சிரிப்புமாக, கடைக்கே கேட்கிற குரலில் கேட்டாள்: "நாளைலேர்ந்து பூச்சியோடவே குடுப்பீங்களா பாய்?"

அவர் சரியென்று தலையாட்டி முடிப்பதற்குள் வரிசை மொத்தமும் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. அங்கே பூச்சி எடுக்கிற வழக்கமே கிடையாது.