முதல் டக்

சிங்கப்பூரின் வடகோடியில், உட்லண்ட்ஸில் ஒன்பதாவது மாடி வீடு தியோ ஹாக் செங்குடையது. புளோக்கில் அவருக்கு இரண்டு நல்ல பெயர் உண்டு. தோ பாயோ சந்தையில் நாற்பது வருஷம் மளிகைக் கடை வைத்திருந்து அளவில் ஒருவரையும் ஏமாற்றாதவர் என்பது ஒன்று. கார் விஷயம் எதுவானாலும் அவரைக் கேட்டால் போதும் என்பது இன்னொன்று.

கடையில் அவர் அரிசி அளப்பதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். தகரக் குவளையை நிரப்பி மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அரிசி இறங்கும். இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் போடுவார். பயறும் அப்படித்தான், உலர்ந்த இறாலும் அப்படித்தான். "குலுக்காம குடுத்தா காத்துக்குக் காசு வாங்குன மாதிரி ஆயிடும்," என்பார்.

மனைவி கிம் லுவானுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டபோது கடையை விட்டார். நான்கு வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவளுக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். காலை ஆறரைக்கு வீட்டிலிருந்து கிளம்பினால்தான் சரியாக இருக்கும். அவரிடம் இருப்பது அதற்காகவே வாங்கிய பழைய வெள்ளி நிறக் கார். இந்த நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் தவறியதில்லை, தாமதமும் ஆனதில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே கிம் லுவான் ஒரு சின்ன குவான் யின் அம்மன் சிலையை ஒட்டி வைத்திருந்தாள். அவள் கைகூப்பி முடித்த பிறகே அவர் சாவியைத் திருப்புவார்.

காரைப் பார்த்துக்கொள்வதில் அவரைக் குறை சொல்ல முடியாது. டயருக்குக் காற்று பார்ப்பது விடிகாலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன். எஞ்சின் எண்ணெய் பார்ப்பது சமதரையில் நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து. கம்பியை ஒரு தரம் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துத்தான் அளவைப் படிப்பார். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு தொடமாட்டார். வண்டி நிறுத்துமிடத்தில் இளவட்டங்கள் அவரைச் சுற்றி நின்று கேட்டுக்கொள்வார்கள். அவரும் பொறுமையாகச் சொல்வார்.

பெட்ரோல் போடும் விஷயத்தில் மட்டும் அவர் தனி வழி.

புதன்கிழமைதோறும் இருவரும் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போவார்கள். அங்கே பெட்ரோல் மலிவு. ஆனால் சிங்கப்பூர்க் கார் பாலம் தாண்டும்போது டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே அங்கே போய் நிரப்ப மீதி இருப்பது கால் பங்குதான். அவ்வளவு தூரம் போய், அவ்வளவு நேரம் வரிசையில் நின்று, கால் டாங்கியோடு திரும்ப அவருக்கு மனசு வருவதில்லை.

அதனால் குலுக்குவார்.

டாங்கி நிரம்பியதும் குழாய் 'டக்' என்று தானாக நின்றுவிடும். உடனே கிம் லுவானைக் கீழே இறங்கச் சொல்வார். பின்பக்கம் போய் டிக்கியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, காரை மேலும் கீழும் ஆட்டுவார். உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்கும். கொஞ்சம் இடம் விடும். மறுபடி குழாயை அழுத்துவார். மறுபடி டக். மறுபடி ஆட்டுவார். கிம் லுவான் கைப்பையை அணைத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்று, இந்த மனிதர் யாரோ என்பது போல ரோட்டைப் பார்ப்பாள்.

அந்தப் புதன்கிழமை பின்னால் நின்ற காரிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான். அவனும் சிங்கப்பூர்க்காரன்தான்.

"என்ன அங்கிள், கார் அழுவுதா? இந்த ஆட்டு ஆட்டுறீங்க, தூங்கிரப் போவுது!"

"நீ அஞ்சு லிட்டர் காத்தை ஏத்திக்கிட்டுப் போ. எனக்கென்ன?" என்றார் ஹாக் செங், ஆட்டுவதை நிறுத்தாமல்.

"போதும் கிழவா," என்றாள் கிம் லுவான். "வழியுது பாரு."

வழிந்ததை அவர் துணியால் துடைத்தார். இருவரும் ஏறினார்கள். அவள் கைகூப்பினாள். அவர் சாவியைத் திருப்பினார்.

கார் கிளம்பவில்லை. எஞ்சின் கரகரவென்று சுற்றியது, பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மூன்று வாரமாக இதே கதை. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடும், பெட்ரோல் போட்டதும் மக்கர் பண்ணும். பிறகு இரண்டு நாளைக்கு உள்ளே பெட்ரோல் வாடை. அன்று வாடை வழக்கத்தைவிட அதிகம். ஆறாவது முறை சாவியைத் திருப்பியபோது, கிம் லுவான் கதவைத் திறந்து நெகிழிப் பையில் வாந்தி எடுத்தாள். அவள் உடம்புக்கு வாந்தி ஆகாது. முந்தின நாள்தான் நான்கு மணி நேரம் ஊசியோடு படுத்துவிட்டு வந்திருந்தாள்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அடித்துப் பேசினாள். "ஆமா, நாளைக்கு வியாழன்… உங்க வேன்ல எனக்கு ஒரு எடம் வேணும்… இல்ல, அவரு வரமாட்டாரு."

பேசி முடித்ததும் அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

"இந்த வாடையில என்னால ஒக்கார முடியாது. இனிமே வேன்ல போய்க்கிறேன். நீ வீட்டுல தூங்கு."

கடை போன பிறகு, வாரத்தில் அந்த மூன்று காலையும்தான் ஹாக் செங்குக்கு வேலை என்று மிச்சமிருந்தது. வேலை என்று அவர் சொல்ல மாட்டார். ஆனாலும் முந்தின இரவே சட்டையை எடுத்து மாட்டி வைப்பார்.

எட்டாவது முறை கார் பிடித்துக்கொண்டது. இருமி இருமி ஓடியது. ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டு நேரே மெக்கானிக் ஜுனைடியின் பட்டறைக்குப் போனார்.

ஜொகூரிலேயே லார்க்கின் பக்கம், சூரா என்கிற சின்னத் தொழுகைக் கூடத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிறது அந்தப் பட்டறை. ஜுனைடிக்கு நாற்பது வயசு இருக்கும். நல்ல கைக்காரன், கொஞ்சம் வாய்க்காரன். இதே வாடைக்காகப் போன வாரமும் ஹாக் செங் அவனிடம் வந்திருந்தார். டாங்கி மூடி பழசாகிவிட்டது என்று அவன் புதுசு போட்டுக் கொடுத்திருந்தான்.

"மறுபடியுமா அங்கிள்?" என்றான். "மூடி மாத்துனோமே. எப்பப்ப மக்கர் பண்ணுது?"

"எப்பவாவது."

"எப்பவாவதுன்னா? காலையிலயா, மழையிலயா, மேட்டுல ஏறும்போதா?"

"பெட்ரோல் போட்டதும்."

"போட்டதும் மட்டுமா?" ஜுனைடி ஸ்பேனரைக் கீழே வைத்தான். "எப்பிடிப் போடுறீங்க?"

"எல்லாரும் போடுற மாதிரிதான்."

முக்காலியில் உட்கார்ந்திருந்த கிம் லுவான் நிமிர்ந்தாள். "நடந்ததச் சொல்லு கிழவா. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

ஹாக் செங் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அத்தனை பேருக்குக் கார் பாடம் சொன்ன மனிதர். டாக்டரிடம் மறைக்கிற மாதிரி இந்தப் பையனிடம் மறைத்துவிட்டோமே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிறகு சொன்னார். சொன்னது புரியாமல், செய்து காட்டச் சொன்னான் ஜுனைடி. பின்பக்கம் போய் டிக்கியில் கை ஊன்றி இரண்டு ஆட்டு ஆட்டிக் காட்டினார்.

ஜுனைடி சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ அங்கிள்! எத்தன டக்?"

"முப்பது இருக்கும்."

"நாப்பத்தி ரெண்டு," என்றாள் கிம் லுவான். "நின்னு எண்ணுறதத் தவிர எனக்கு அங்க வேற என்ன வேல?"

ஜுனைடி காரைத் தூக்கி அடியில் புகுந்தான். பின்சக்கரத்துக்கு அருகிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றி எடுத்து வந்தான். சின்ன ரொட்டி டின் அளவுதான் இருக்கும். அதைத் தட்டின் மேல் சாய்த்தான். சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் வழிந்தது.

"இது உள்ள என்ன இருக்கு தெரியுமா? கரி."

"கரியா?"

"கரிதான். வெயில்ல டாங்கியில ஆவி கெளம்பும்ல? அது வெளிய போவாம இந்தக் கரி பிடிச்சு வச்சுக்கும். வண்டி ஓடும்போது எஞ்சின் அதக் கொஞ்சங் கொஞ்சமா இழுத்துக்கும். அந்த ஆவிக்குன்னுதான் டாங்கியில எடம் விட்டிருக்கான். நீங்க அந்த எடத்தையும் ரொப்பிட்டீங்க. பெட்ரோல் எங்க போவும்? கரிக்குள்ள போயிருச்சு. இது ஆவி குடிக்கிற சாமான் அங்கிள், பெட்ரோல் குடிக்கிறதில்ல."

ஹாக் செங் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. அவர் கடையில் அடுப்புக்கரியும் விற்றவர். மழைக் காலத்தில் மூட்டை நனைந்துவிட்டால் அதைத் தொட்டதுமே தெரியும், இந்தக் கனம்தான் கனக்கும். நனைந்த கரியை அவர் ஒரு நாளும் யாருக்கும் கொடுத்ததில்லை. தனியாக எடுத்துப் பின்னால் போட்டுவிடுவார்.

"இதக் காய வச்சா சரியாவுமா?" என்று கேட்டார். பதில் அவருக்கே தெரியும்.

"ஆவாது. வேற போடணும். பழைய சாமான் கடையில தேடிப் பாக்குறேன்." ஜுனைடி டிக்கியைத் திறந்தான். உள்ளே தண்ணீர்க் கேன் நான்கு, கருவிப் பெட்டி இரண்டு, ஐந்து கிலோ அரிசி மூட்டை ஒன்று. "இது எதுக்கு அங்கிள்?"

"ஆத்திர அவசரத்துக்கு."

"அரிசி எந்த அவசரத்துக்கு? நடுப்பாலத்துல சோறு வடிக்கப் போறீங்களா? இம்புட்டு பாரம் இழுத்தா பெட்ரோல் சும்மா போவுமா? பாலத்துல ரெண்டு மணி நேரம் ஏசியப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க பாருங்க, நீங்க குலுக்கி ஏத்துனதெல்லாம் அங்கயே போயிரும்."

கிம் லுவான் அதுவரை சிரிக்கவில்லை. அப்போது சிரித்துவிட்டாள். முக்காலியில் உட்கார்ந்தபடி தோள் குலுங்கச் சிரித்தாள். ஹாக் செங்குக்குக் கோபம் வரவில்லை. அவள் இப்படிச் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

மாற்றுப் பெட்டி ஸ்கூடாயில் ஒரு கடையில் கிடைத்தது. அது வந்து சேர மதியம் ஒரு மணி ஆயிற்று. மாட்ட ஆரம்பிக்கும்போது சூராவில் பாங்கு சொன்னார்கள். ஜுனைடி கையைக் கழுவினான். "பத்து நிமிஷம் அங்கிள்."

"போய்ட்டு வா ஜுன். அவசரமில்ல," என்றார் ஹாக் செங். மனசுக்குள் அவசரம் இருந்தது. ஆனால் கடவுள் கூப்பிடும்போது நடுவில் நின்று மணி பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கிம் லுவானும் முக்காலியில் இருந்தபடியே கண்ணை மூடிக் கைகூப்பினாள். அவள் என்ன கேட்டுக்கொண்டாள் என்று அவர் கேட்கவில்லை.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. டாங்கியில் ஆவிக்கு இடம் வேண்டுமென்று ஜுனைடி ஐந்து லிட்டர் பெட்ரோலை உறிஞ்சி எடுத்துவிட்டான். எல்லாம் நாற்பத்திரண்டு டக்கில் ஏறின பெட்ரோல். அதைத் தன் மோட்டார் சைக்கிளில் ஊற்றிக்கொண்டான். "கூலியில கழிச்சுக்கிறேன் அங்கிள். இனிமே மொத டக்கு சத்தம் கேட்டா கைய எடுத்துருங்க. அது வண்டி போதும்னு சொல்ற சத்தம்." கார் ஒரே திருப்பில் பிடித்தது.

திரும்பும்போது பாலத்தில் வழக்கம்போல நெரிசல். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. வேன் விஷயத்தை அவர் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

புளோக்குக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஹர்ஷாட் நின்றிருந்தான். நான்காவது மாடிப் பையன். போன மாசம் அவனுக்குக் குலுக்கக் கற்றுக் கொடுத்ததே ஹாக் செங்தான்.

"அங்கிள், இன்னிக்கு எத்தன லிட்டர் அதிகமா ஏத்துனீங்க?"

ஹாக் செங் காரைப் பூட்டினார். "ஒண்ணும் ஏத்தல. நான் உனக்குச் சொன்னது தப்பு. குலுக்காத."

"ஏன் அங்கிள்?"

"அரிசிக்கு நடுவுல காத்து இருக்கு, குலுக்குனா எறங்கும். பெட்ரோலுக்கு நடுவுல அப்பிடி ஒண்ணும் இல்ல. மேல இருக்குற எடம் அதுக்கு மூச்சு விட." சொல்லிவிட்டு லிஃப்டுக்கு நடந்தார். அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கே வேன் வந்துவிட்டது. ஹாக் செங் சட்டை மாட்டிக்கொண்டு கீழே நின்றார். கார் தயாராக இருந்தது. கிம் லுவான் காரைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள்.

"வேன் ஓட்டுற மனுஷன் இருட்டுல எழுந்து வந்திருக்காரு. வரச் சொல்லிட்டு வேணாம்னா நல்லாருக்காது," என்று சொல்லி வேனில் ஏறிக்கொண்டாள்.

ஹாக் செங் அது சரிதான் என்று தலையாட்டினார். வேன் கிளம்பியதும் அவரும் காரை எடுத்தார். நிலையம் வரைக்கும் வேனுக்குப் பின்னாலேயே போனார். சிவப்பு விளக்கில் வேன் நின்றபோதெல்லாம், பின்கண்ணாடி வழியாக அவளுடைய நரைத்த தலை தெரிந்தது. அது ஒரு முறை திரும்பியது.

நான்கு மணி நேரமும் அவர் காரிலேயே இருந்தார். நான்கு கதவையும் திறந்து, ஜன்னல்களையும் இறக்கி வைத்திருந்தார், காற்று உள்ளே புகுந்து போகட்டும் என்று. குவான் யின் சிலையைத் துடைத்தார். இருக்கைகளைத் துடைத்தார். இரண்டு முறை மூக்கை வைத்து மோந்து பார்த்தார். தன் மூக்கை அவரால் நம்ப முடியவில்லை.

பத்தே முக்காலுக்கு அவள் மெதுவாக வெளியே வந்தாள். கையில் கட்டு. வாசலில் திரும்பும் வேன் நின்றது. ஓட்டுநர் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். அவள் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வேனைச் சுற்றிக்கொண்டு காருக்கு வந்தாள். முதலில் பின்கதவு வழியாகத் தலையை உள்ளே நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் முன்கதவு வழியாக. ஹாக் செங் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அவர் இறங்கி மற்றக் கதவுகளைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டாள். கைகூப்பினாள்.

அவர் சாவியைத் திருப்பினார்.

"ஜன்னல ஏத்து கிழவா," என்றாள். "குளிருது."

அவர் நான்கு ஜன்னலையும் ஏற்றினார்.