முதல் ஆறு எண்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் பெயரும் தகப்பன் பெயரும் அப்படியே அமைந்த இன்னொருவர் இருக்கிறார். மருந்து தெளிக்கும் வேலை. என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். இங்கே தபால் வீட்டுக்கு வருவதில்லை. ஆபீஸ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கும். முதலில் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். மலாய்க் கடிதமாக இருந்தால் படித்துச் சொல்ல என்னிடம் கொண்டுவருவார்கள்.

போன மாதம் அந்தப் பெயர்க்காரர் பிரித்த உறையோடு வந்தார். மூன்றாக மடித்த ஒற்றைத் தாள். இரண்டாவது வரியிலேயே என் ஐசி, அடையாள அட்டை எண், இருந்தது. பூட்டிய கதவை ஒன்பது முறை இழுத்துப் பார்க்காமல் என்னால் படியிறங்க முடியாது. அதற்காக நான்கு மாதமாக, மகனுக்குக்கூடச் சொல்லாமல், மலையிறங்கிப் போய்வரும் மனநலப் பிரிவிலிருந்து வந்த கடிதம் அது. வரவேண்டிய நாளை மாற்றியிருந்தார்கள். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், எல்லாம் இருந்தன.

"அண்ணே, எனக்கு மண்டக் கோளாறாம். கடைக்கார அக்கா மக படிச்சிச்சு. ஒரே சிரிப்பு. என் சம்சாரம் தள்ளி நின்னு சோறு வைக்குது லா. நான் ஆஸ்பத்திரி பக்கமே போனதில்லயே!"

"உன்னுது இல்லப்பா. ஐசி நம்பர் வேற."

"அப்ப யாரோடது?"

தோட்டத்தில் அந்தப் பெயருக்கு இரண்டே பேர்.

"வேற தோட்டத்து ஆளா இருக்கும். தப்பா அனுப்பிட்டாங்க" என்றேன்.

"அத நீங்களே வந்து கடையில சொல்லிருங்கண்ணே. நான் சொன்னா, எந்தப் பைத்தியம் ஒத்துக்கிச்சும்பானுங்க."

போகாவிட்டால் என் நோயை அவர் சுமக்க வேண்டும். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவரோடு நடந்தேன். கடையில் ஐந்து பேர் இருந்தார்கள். வேறு தோட்டத்து ஆளின் கடிதம் என்று சொன்னேன்.

"அப்படியா?" என்றார் கடைக்காரம்மா. "எதுக்கும் பாத்துருவோம். மக போன்ல படம் புடிச்சி நம்ம லயன் வீட்டாளுங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருக்கா."

அந்தக் குரூப்பில் அறுபத்துமூன்று பேர்.

என் பெயர்க்காரர் உற்சாகமாகத் தன் ஐசியை எடுத்து அந்தப் படத்தின் பக்கத்தில் வைத்தார். "பாருங்கக்கா, என்னுது அறுபத்தேழுல ஆரம்பிக்குது. இதுல அம்பத்துமூணு!"

அடையாள எண்ணின் முதல் ஆறும் பிறந்த தேதி, வருஷம் முதலில். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைக்காரம்மா போனிலிருந்து மெதுவாக நிமிர்ந்தார்.

"ஐயா, ஒங்களுக்கு என்னா வயசு?"

எதை மறைத்தாலும் எண்ணை மாற்றிச் சொல்ல எனக்கு வராது. எழுபத்திரண்டு என்றேன்.