புத்தகத்தைத் தேடி வந்த தையல் மிஷின்

நூலகத்தில் அவரை எல்லோரும் கட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு ஊர் நூலகங்களிலிருந்து இரவல் வரும் புத்தகங்களைப் பிரித்துக் கொடுப்பதும், தவணை முடிந்ததும் கட்டித் திருப்பி அனுப்புவதும் அவர் வேலை. ஒவ்வொரு கட்டையும் நெஞ்சோடு அணைத்து, "கடவுளே, பத்திரமா கொண்டுபோய்ச் சேர்த்துடுப்பா" என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றுவார். இருபது வருடத்தில் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

அந்தத் தடவை வந்தது, பழைய தையல் மிஷின் பழுதுபார்க்கும் புத்தகம். கேட்டிருந்தவர் அடுத்த தெருத் தையல்காரம்மா. அவருடைய மிஷின் படுத்து ஒரு மாதம். மெக்கானிக்குகள் கைவிரித்துவிட்டார்கள். அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் புத்தகத்தோடு ஒரு சீட்டு வந்திருந்தது: 'நூலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மூன்று நாளில் திருப்பி அனுப்ப வேண்டும்.'

இரண்டு நாள் வந்து படித்தார் தையல்காரம்மா.

"படத்துல ஆறு ஸ்க்ரூ இருக்குக்கா. வீட்டுல போய்த் திறந்தா எட்டு இருக்கு! தலையும் புரியல, வாலும் புரியல. ஒரு மணி நேரம் குடுங்க, ஓடி வந்துடறேன்."

"என் தலைய வேணா எடுத்துட்டுப் போம்மா. புத்தகம் வாசல் தாண்டாது. நம்பிக் குடுத்திருக்காங்க."

சொல்லிவிட்டாரே தவிர, அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சீட்டை எடுத்து நாலு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தார். புத்தகம் வெளியே போகக் கூடாது, சரி. மிஷின் உள்ளே வரக் கூடாது என்று எங்கேயும் இல்லையே!

மூன்றாம் நாள் காலை, தையல்காரம்மாவும் கணவரும் தள்ளுவண்டியில் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நூலகர் மிஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இதுக்கும் உறுப்பினர் அட்டை போடணுமா?"

"விருந்தாளி சார். பின்னால பார்சல் ரூம்ல ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அக்கா.

"எண்ணெய்க் கையோட தொடாதே! நான் பிடிச்சுக்கறேன், நீ பாரு" என்று பக்கம் பக்கமாக அக்காவே புரட்டிக் காட்டினார். படத்தையும் மிஷினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அந்த இரண்டு ஸ்க்ரூவின் கணக்கும் பிடிபட்டது. பார்சல் வண்டி வர ஒரு மணி நேரம் இருக்கையில், கடகடவென்று ஓடியது மிஷின். வாசிப்பறையே எழுந்து வந்துவிட்டது.

"தைச்சுப் பாக்கத் துணி?" என்றார் தையல்காரம்மா.

அக்கா பார்சல் துணியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். அது நொடியில் பையானது. புத்தகம் அதற்குள் ஏறி ஊருக்குப் போனது.

ஒரு வாரத்தில் அந்த நூலகத்திலிருந்து கடிதம்: 'புத்தகம் கிடைத்தது. பையை எப்போது திருப்பி அனுப்ப வேண்டும்?'

அக்கா நூலகரைப் பிடித்து உட்காரவைத்துப் பதில் எழுதச் சொன்னார்: 'அது உங்களுக்கே. இன்னும் வேண்டுமென்றால் கேளுங்கள். மிஷின் ஓடுகிறது.'